பதினோராவது மாடிச் சாப்பாடு

"பதினோராவது மாடிக்கு மாத்தித் தரட்டுமா, மேடம்? ராத்திரிக்கு எழுபது டாலர் கூட. மூணு வேளைச் சாப்பாடும் அதுலயே வந்துடும்" என்றார் ஓட்டல் வரவேற்பு மேசைக்காரர்.

"ஐயோ, அதெல்லாம் எங்களுக்கு எதுக்கு" என்றாள் லவோன்.

"சரி" என்றார் அவர். மூன்றாவது மாடி அறைக்கான சாவி அட்டைகளை மேசைமேல் வைத்துவிட்டு, பின்னால் நின்றவரைப் பார்த்துச் சிரித்தார்.

லவோனுக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் சட்டையில் குத்தியிருந்த பட்டையில் பெயருக்குக் கீழே அரிசோனா என்று ஊரும் போட்டிருந்தது. வெயில் ஊர்க்காரர். அவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும் என்று நினைத்தபடி பெட்டியை இழுத்துக்கொண்டு லிஃப்ட் பக்கம் நடந்தாள்.

மினசோட்டாவின் வடமேற்கு மூலையிலிருந்து இந்த ஆஸ்பத்திரி ஊருக்கு ஏழு மணி நேரம் பனியில் வண்டி ஓட்டி வந்திருந்தாள். ஓட்டியது அவள்தான். பக்கத்தில் உட்கார்ந்து வந்த அவள் கணவர் வெர்லின் ஸ்கோக்லண்ட், முப்பத்தெட்டு வருஷம் அந்த மாவட்டத்தின் பனி அள்ளும் வண்டியை ஓட்டியவர். நாடே முடங்கிக் கிடந்த நாட்களில்கூட அவர் வண்டி முடங்கியதில்லை. அப்படிப்பட்ட மனுஷன் பயணி இருக்கையில் கையை மடியில் வைத்துக்கொண்டு, வழி நெடுக வெறுமனே உட்கார்ந்து வந்தார்.

பத்து மாதத்தில் முப்பத்து நாலு பவுண்டு இளைத்திருந்தார். பெல்ட்டில் ஆணி வைத்துப் புதிதாக மூன்று ஓட்டை போட்டாகிவிட்டது. ஊர் டாக்டர் ரத்தம் எடுத்தார், படம் எடுத்தார், கடைசியில் கையை விரித்துவிட்டு, "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லிவிட்டார்.

மூன்றாவது மாடி அறையின் ஜன்னல் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தது. வெர்லின் கோட்டைக் கழற்றாமல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். கோட்டுக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. இந்த மனுஷன் இல்லாமல் நான் தனியாக அந்த ஏழு மணி நேரத்தைத் திரும்ப ஓட்டிப் போக வேண்டியிருக்குமோ என்று லவோனுக்குத் தோன்றியது. தோன்றியதும் எழுந்துவிட்டாள்.

"ஐஸ் எடுத்துட்டு வரேன்" என்றாள்.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. ஐஸ் எதற்கு என்று வெர்லின் கேட்கவில்லை. அவர் எதையும் கேட்கிறவர் அல்ல.

லவோன் கீழே போய் வரவேற்பு மேசை முன்னால் நின்று, ஐஸ் இயந்திரம் எங்கே என்று கேட்டாள். அரிசோனாக்காரர் வழி சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. பத்து நிமிஷம் கழித்து மறுபடி போய், பற்பசை கிடைக்குமா என்று கேட்டாள். கொடுத்தார். மூன்றாவது தடவை போய், ஞாயிறு ஆராதனைக்குப் பக்கத்தில் லூத்தரன் சர்ச் எது என்று கேட்டாள். அன்று திங்கட்கிழமை. அவர் பொறுமையாக வரைபடமே வரைந்து கொடுத்தார். மாடியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"அது... ஏதோ மேல் மாடின்னு சொன்னீங்களே. சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்" என்றாள் கடைசியில், காது சிவக்க.

வீட்டில் அவள் சமையலை வெர்லின் தொடுவதில்லை. நாற்பத்து நாலு வருஷமாக ஒரே கையின் ருசி, அலுத்துப்போயிருக்கலாம். கண் முன்னால் நாலு விதம் பரப்பி வைத்திருந்தால் ஏதாவது ஒன்றில் கை போகாதா? இதுதான் அவள் கணக்கு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் போனில் அதைக் கேட்ட மகள் ஹெய்டிக்கு ஒப்பவில்லை. அவள் ஃபார்கோவில் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். பணத்துக்கும் நியாயத்துக்கும் ரொம்பக் கறார்.

"ஏம்மா, சாப்பிடாத ஆளுக்கு யாராவது மூணு வேளைச் சாப்பாட்டோட ரூம் எடுப்பாங்களா? தலை முடியே இல்லாதவருக்குச் சீப்பு வாங்கின கதையா இருக்கு."

"சாப்பிட மாட்டாரான்னு ஒரு ஆசைதான்டி."

"நாளைலருந்து தினம் காலைல டெஸ்ட். வெறும் வயித்துல போகணும். அப்போ காலைச் சாப்பாடு போச்சு. அத யோசிச்சியா?"

லவோன் அதை யோசிக்கவில்லை. உஃப் டா என்று பெருமூச்சு விட்டாள். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு எல்லா வலிக்கும் அந்த ஒரு சொல்தான். அதற்குள் பெட்டிகள் பதினோராவது மாடிக்குப் போய்விட்டிருந்தன. அங்கே கம்பளத்தில் பாதம் கணுக்கால்வரை புதைந்தது. வெர்லின் அதில் இரண்டடி நடந்து பார்த்துவிட்டு, "வித்தியாசமா இருக்கு" என்றார். அது பாராட்டா, புகாரா என்று நாற்பத்து நாலு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கே தெரியவில்லை.

அன்று சாயங்காலம் இருவரும் அந்த மாடியின் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார்கள். நீள மேசையில் காட்டரிசி சூப், இறைச்சி உருண்டை, வறுத்த ஏரி மீன், ரொட்டி, எலுமிச்சைத் துண்டு கேக் எல்லாம் ஆவி பறக்கவும் பறக்காமலும் இருந்தன. பந்திக்கு முந்து என்று சொல்லிக்கொடுக்கிற பழமொழி அந்த மாநிலத்தில் பிறந்திருக்க வழியே இல்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் நோயாளிகளும் அவர்களோடு வந்தவர்களும். எலுமிச்சைக் கேக் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. ஒரு பெண்மணி வந்து அதில் பாதியை வெட்டி எடுத்துக்கொண்டு போனாள். அடுத்து வந்தவர் மிச்சத்தில் பாதியை எடுத்தார். அவருக்குப் பின்னால் வந்தவர் அதிலும் பாதி. கடைசியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துணுக்கு தட்டின் நடுவில் நின்றது. அதைத் தொட யாருக்கும் துணிவு வரவில்லை. கடைசித் துண்டை எடுத்தவர் என்ற பெயரோடு அங்கே யாரும் வாழ விரும்புவதில்லை.

"சூப் எடுத்துட்டு வரட்டுமா?" என்று லவோன் கேட்டாள்.

"வேணாம் லவோன். பரவால்ல."

"சரி" என்றாள்.

அந்தச் 'சரி'யைச் சொல்வதற்கு அவள் ஆறு வாரம் படித்திருந்தாள். போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து விரத நாட்களில் சர்ச்சின் அடித்தளக் கூடத்தில், கலிஃபோர்னியாவிலிருந்து வந்த புதுப் பாதிரியம்மா புதன்கிழமைதோறும் தம்பதிகளுக்கு வகுப்பு எடுத்தார். மனம் திறந்து பேசுவது எப்படி என்பது பாடம். "ஒருத்தர் வேணாம்னா அது வேணாம்தான். அதுக்கு மேல கேட்டா அவங்க வார்த்தைய நாம மதிக்கலன்னு அர்த்தம்" என்று அந்த அம்மா சொன்னபோது லவோனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. நாற்பத்து மூன்று வருஷமாக இந்த மனுஷனைச் சாப்பிடு சாப்பிடு என்று நச்சரித்து அவமதித்திருக்கிறோமே என்று நொந்துபோனாள். வெர்லின் அந்த வகுப்புகளுக்குப் போகவில்லை. புதன்கிழமைகளில் பனி கொட்டியது.

அன்றிலிருந்து லவோன் புது மனுஷி. வீட்டில் சத்தம் இல்லை, சண்டை இல்லை. சண்டை முன்பும் இருந்ததில்லை என்பது வேறு விஷயம். ஒரு வார்த்தை கேட்பாள். வேண்டாம் என்றால் பாத்திரத்தை மூடி எடுத்துவிடுவாள். உருளையும் கறியும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷ் பாத்திரம் பாத்திரமாகக் குளிர்பெட்டியில் உறைந்து கிடந்தது. கல்யாண வாழ்க்கையில் இந்த ஒரு வருஷம்தான் அவருக்கு உரிய மரியாதை கொடுத்தோம், அந்த வருஷத்திலா இப்படி ஒரு நோவு வரவேண்டும் என்று அவள் பல ராத்திரி நினைத்ததுண்டு.

செவ்வாய்க்கிழமை காலையில் ஓட்டலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே தரைக்கு அடியில் போகிற பாதையில் நடந்து போனார்கள். டாக்டர் கிரீன்வால்ட் ஐம்பது வயதுப் பெண். எந்தக் கேள்வியையும் எழுதிக்கொண்டே கேட்பார்.

"பசி எப்படி இருக்கு?"

"குறை சொல்றதுக்கில்ல" என்றார் வெர்லின்.

"வலி?"

"இதைவிட மோசமாவும் இருக்கலாமே."

ஒருமுறை பனி வண்டியின் கதவில் இரண்டு விரல் நசுங்கியபோதும் அவர் இதையேதான் சொன்னார். டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

"வீட்டுல சாப்பாடு எப்படி?" இது லவோனிடம்.

"நான் கேக்குறேன், வேணாம்னு சொல்றார். காலைல அவரே ஒரு கிண்ணம் சீரியல் போட்டுக்குவார். அப்புறம் காப்பி. நான் எதுக்கும் வற்புறுத்துறதில்ல, டாக்டர்."

"அது நல்லது" என்றார் டாக்டர். லவோனுக்கு அதில் ஒரு சின்னத் திருப்தி.

அன்று சாயங்காலம் கூடத்தில் ஹோதன் இருந்தாள். மேசையைப் பார்த்துக்கொள்கிற சோமாலிப் பெண். திங்கட்கிழமை அவளுக்கு விடுப்பு. கருநீலத் தலைத்துணி, ஓட்டல் கோட்டு, இடுப்பில் ஒரு துண்டு. இந்த ஊருக்கு வந்து இருபது வருஷமாகிறது என்றாள். குளிரைத் திட்டுவதில் உள்ளூர்க்காரர்களையே மிஞ்சினாள். ஏழு மணிக்கு மிச்சச் சாப்பாட்டை எடை போட்டுக் கொட்ட வேண்டும் என்பது ஓட்டல் விதி. அந்த விதி அவளுக்கு அறவே பிடிக்காது.

"அதேர், சூப் சூடா இருக்கு. ஒரு கிண்ணம் தரேன்" என்று வெர்லினிடம் வந்தாள். அதேர் என்றால் அவள் மொழியில் சித்தப்பா.

"வேணாம்மா, பரவால்ல."

ஹோதன் மறுபடி வாயைத் திறந்தாள். லவோன் கையை உயர்த்தித் தடுத்துவிட்டாள்.

"அவர் வேணாம்னு சொல்லிட்டார். நாங்க ஒருத்தர் வார்த்தைய ஒருத்தர் மதிக்கிறவங்க."

ஹோதன் அவளை ஒரு தரம், வெர்லினை ஒரு தரம் பார்த்தாள். கரண்டியை எடுத்துக்கொண்டு தன் மொழியில் எதையோ முணுமுணுத்தபடி போனாள்.

பணம் கட்டியாகிவிட்டது. வீணாக்குவது பாவம். அதனால் லவோன் தன் சூப்பைக் குடித்து, வெர்லினுக்குரிய சூப்பையும் குடித்தாள். இரண்டு பேருக்கான மீனையும் சாப்பிட்டாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்து, காகிதத் துண்டில் எட்டு இறைச்சி உருண்டையைப் பொதிந்து கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். நாலு பேர் முன்னால் சாப்பிடக் கூச்சமோ என்னவோ, அறையில் தனியாக இருந்தால் சாப்பிடுவார் என்று ஒரு நப்பாசை.

"இதுல ஒண்ணு எடுத்துக்கறியா?" என்று அறைக்கு வந்ததும் பொட்டலத்தைப் பிரித்தாள்.

வெர்லின் உருண்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சாப்பிடு, லவோன்."

"சரி" என்றாள்.

குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, அழுதுகொண்டே எட்டையும் சாப்பிட்டாள். மறுநாள் காலையில் அவள் பாவாடைக் கொக்கி மாட்டவில்லை.

புதன்கிழமை எடை பார்த்ததில் வெர்லின் இன்னும் ஒரு பவுண்டு குறைந்திருந்தார். டாக்டர் கிரீன்வால்ட் சனிக்கிழமைவரை தங்கச் சொன்னார். இன்னும் மூன்று நாள், இன்னும் மூன்று வெறும் வயிறு.

லவோன் உட்கார்ந்து யோசித்தாள். சமையல் காரணமில்லை, கூட்டமும் காரணமில்லை. மிச்சமிருப்பது ஒன்றுதான். அவள் முகம். தட்டுக்கு எதிரே ஒரு பெண்பிள்ளை இழவு வீட்டு முகத்தோடு உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் தொண்டையில் இறங்கும்? அது பெரிய வேதனையாக இருந்தாலும் அவள் அதை ஒப்புக்கொண்டாள்.

"நான் சாப்பாட்டு நேரத்துல ஜெப அறைல கொஞ்சம் உக்காந்துட்டு வரேன். நீ வேணும்னா மேல போய் ஒரு காப்பி குடி" என்றாள்.

"குடிக்கலாம்" என்றார் வெர்லின்.

மத்தியானம் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் லவோன் ஆஸ்பத்திரியின் ஜெப அறையில் உட்கார்ந்தாள். அங்கே எலுமிச்சைத் துண்டு கேக் ஒரு தட்டு நிறைய வைத்திருந்தார்கள். தொடவில்லை. கடவுளிடம் பேரம் பேசுவது அவள் வளர்ந்த சபையில் வழக்கமில்லை. இருந்தாலும் பேசினாள். கூடுதலாகக் கட்டிய எழுபது டாலருக்காக நான் வருத்தப்பட்டதை மன்னித்துவிடு, அவரை மட்டும் விட்டுவிடு என்றாள்.

"சாப்பிட்டியா?" என்று ராத்திரி கேட்டாள்.

"ஏதோ கொஞ்சம் வாயில போட்டேன்."

"என்ன?"

"பெருசா ஒண்ணுமில்ல."

அவள் மனம் நோகக்கூடாது என்று சொல்கிறார் என்று லவோன் நினைத்தாள். அவர் கோட்டை மாட்டி வைக்கும்போது பையில் ஒரு வாழைப்பழம் தட்டுப்பட்டது. வெர்லின் ஒருநாளும் வாழைப்பழத்தைத் தேடிப் போகிறவர் இல்லை. யாரோ திணித்திருக்கிறார்கள், தின்ன மனமில்லாமல் சின்னப் பிள்ளைபோல ஒளித்து வைத்திருக்கிறார் என்று அவள் முடிவுகட்டினாள். பழத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை தராசு இரண்டரை பவுண்டு கூடக் காட்டியது. லவோனுக்குக் கால் தரையில் பாவவில்லை. டாக்டர் கிரீன்வால்டின் முகம் மட்டும் இறுகியது.

"நேத்து சாப்பிட்டீங்களா?"

"கொஞ்சம்" என்றார் வெர்லின்.

"எவ்வளவு?"

"ரொம்பன்னு சொல்ல முடியாது."

டாக்டர் மண்டியிட்டு அவர் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "பத்து மாசமா இறங்கின எடை ஒரே நாள்ல இவ்வளவு ஏறினா, அது சதையா இருக்காது. உடம்புல நீர் கோத்துக்குதோன்னு பாக்கணும். இருதயம், சிறுநீரகம் ரெண்டையும் பாத்துடுவோம்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. இளைத்தால் ஒரு பயம், பெருத்தால் அதைவிடப் பெரிய பயம். லவோன் போனில் ஹெய்டியிடம் சொன்னபோது, பணத்தைப் பற்றிய பேச்சே எழவில்லை. "நான் கிளம்பி வரட்டுமாம்மா?" என்று மட்டும் கேட்டாள். பனிப்புயல் வருகிறது, வேண்டாம் என்று லவோன் சொன்னாள். சரிம்மா என்று ஹெய்டி சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகு லவோனுக்கு ஏனோ பெரிய ஏமாற்றமாக இருந்தது. இன்னும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே இந்தப் பெண், என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் நாலே முக்காலுக்கே வெர்லின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணிக்குத் தலை சீவிக்கொண்டார். "நீ ஜெபத்துக்குப் போகலயா?" என்று கேட்டார். தனியாக இருக்க விரும்புகிறார் என்று லவோன் புரிந்துகொண்டாள். சாவை நெருங்குகிறவர்கள் அப்படித்தான் ஒதுங்குவார்கள் என்று எங்கோ படித்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை தராசு மேலும் மூன்று பவுண்டு ஏறியது. நாலு டாக்டர்கள் வந்து அவர் காலை முறை வைத்து அழுத்தினார்கள். நீர் இல்லை. இருதயம் கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. எடுத்த படங்கள் எல்லாமே சுத்தம். டாக்டர் கிரீன்வால்ட் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். அந்த வாரத்தில் அவர் பேனாவை வைத்தது அதுதான் முதல் தடவை.

"எங்களுக்குத் தெரியலங்கிறத ஒத்துக்கணும். திங்கக்கிழமை வயித்தத் தொறந்து நேரா பாத்துடலாம்னு நினைக்கிறோம். உங்க வயசுல அதுல ஆபத்து இல்லன்னு சொல்ல மாட்டேன்."

"அப்படின்னா சரி" என்றார் வெர்லின். பனி அள்ள இன்னொரு சாலை சேர்த்துக் கொடுத்தபோதும் மேலதிகாரியிடம் அதைத்தான் சொன்னார்.

திரும்பும்போது அந்தச் சுரங்கப் பாதையில் மெதுவாக நடந்தார்கள். பாதி வழியில் வெர்லின் நின்றார்.

"லவோன்."

"என்ன?"

"அந்த மேல் மாடி. நல்லாத்தான் இருந்துச்சு. நீ எடுத்தது நல்லதாப் போச்சு."

நாற்பத்து நாலு வருஷத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பாராட்டியதில்லை. கல்யாணத்தன்று அவளைப் பார்த்து, "மோசமில்ல" என்றுதான் சொன்னார். லவோனுக்குப் புரிந்துவிட்டது. அவர் விடைபெறுகிறார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நடமாட்டம் உள்ள இடத்தில் அவர்கள் கைகோத்து நடந்ததே கிடையாது. அன்று நடந்தார்கள்.

அறைக்கு வந்ததும் வெர்லின் சற்றுப் படுக்கிறேன் என்று படுத்தார். லவோன் அவர் தூங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு எழுந்தாள். இனி இந்த மாடி தேவையில்லை. அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போகிறவரை மூன்றாவது மாடியில் ஒரு மூலை போதும். ஹெய்டி முதல் நாளே சொன்னதுதான். ஆனால் பழகிய ஆளிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவது அவர்கள் பக்கத்தில் இல்லாத வழக்கம். கூடத்துக்குப் போனாள்.

ஹோதன் பாத்திரங்களுக்கு அடியில் அடுப்பு ஏற்றிக்கொண்டிருந்தாள். சாப்பிட இன்னும் யாரும் வரவில்லை.

"நாளைலருந்து நாங்க கீழ மாடிக்குப் போயிடுறோம். எல்லாத்துக்கும் ரொம்ப நன்றி" என்றாள் லவோன்.

"ஏன், ரூம் சரியில்லையா?"

"ரூமுக்கு என்ன. சாப்பிடாத மனுஷனுக்கு மூணு வேளைச் சாப்பாட்டோட ரூம் எதுக்குன்னுதான்."

ஹோதன் கையிலிருந்த மூடியைக் கீழே வைத்தாள். "யாரு சாப்பிடாத மனுஷன்?"

"எங்க வீட்டுக்காரர்தான். ஒரு வருஷமா நான் எத வெச்சாலும் தொடறதில்ல. ஏன்னு ஒரு டாக்டருக்கும் தெரியல. திங்கக்கிழமை வயித்தக் கிழிச்சுப் பாக்கப் போறாங்க."

ஹோதன் இடுப்புத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டாள். மேசைக்குப் பின்னால் போய், இன்னொரு தட்டால் மூடிய ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். திறந்தாள். நாலு கோழித் தொடை, மலைபோலச் சோறு, அதன்மேல் ஒரு வாழைப்பழம். சோமாலியாவில் சோற்றோடு வாழைப்பழம் இல்லாமல் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

"இது அதேருக்கு எடுத்து வெச்சது. நேத்து இதே மாதிரி ரெண்டு தட்டு. முந்தாநாளும் ரெண்டு. மத்தியானக் கணக்கு தனி."

லவோன் பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அவரா? இருக்காது. நான் கேட்டா வேணாம்னுதான் சொல்வார்."

"எங்கிட்டயும் அதேதான் சொல்றார். முதல் தடவ வேணாம்பார், ரெண்டாவது தடவ கேட்டாலும் வேணாம்பார், மூணாவது தடவ கேட்டதும் தட்ட நீட்டுவார். இருபது வருஷமா பாக்குறேன், உங்க ஊர்க்காரங்க எல்லாருமே இப்படித்தான்" என்ற ஹோதன் தட்டை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, நம்ப முடியாமல் கேட்டாள்: "ஏம்மா, ஒரு வருஷமாவா உங்க வீட்ல யாரும் அவர மூணாவது தடவ கேக்கல?"